பால் கணக்கு நோட்டும் ஒரு ரிட் மனுவும்

2019 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் 6:10-க்கு என் வீட்டுக்காரருடைய செல்லுக்கு ஓர் அழைப்பு வந்தது. "ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். எஸ்.ஐ. ஐயா கூப்பிடுறாரு. சின்ன விசாரணைதான், வந்துட்டுப் போயிருங்க." முந்தின நாள்தான் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நான் வேட்புமனு கொடுத்திருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். இரவு 10:20-க்குத்தான் வெளியே விட்டார்கள்.

இந்த நேரங்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், அன்றிரவு அவற்றை எழுதி வைத்ததுதான். எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலையும் மாலையும் சொசைட்டிக்கு ஊற்றும் பால் கணக்கை ஒரு நோட்டில் எழுதுவது என் பழக்கம். அன்று சாயங்காலம் ஊற்றிய லிட்டர் கணக்குக்குக் கீழே, கோபத்தில், "6:10 போன். 10:20 வந்தார். சாப்பிடவில்லை" என்று எழுதினேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த மூன்று வரிதான்.

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊராட்சி எங்களுடையது. அதற்கு முன் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2011-ல். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலை, அறிவிக்கை சரியாக இல்லை என்று அந்த மாதம் 4-ம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்புறம் மூன்று வருடங்கள் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்திருந்ததால் 2019-ல் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சொசைட்டியில் பால் ஊற்றும் பெண்கள் நாலைந்து பேர் "நீ நில்லுக்கா" என்றார்கள். டெபாசிட் 600 ரூபாய் கட்டினேன். தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். அதில் பாதி கூட என்னிடம் இல்லை. கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்தானே, கை காசை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனில் என்ன நடந்தது? டீக்கடையில் யாரையோ மிரட்டியதாகப் புகார் வந்திருக்கிறதாம். யார் கொடுத்தது, என்றைக்கு நடந்தது என்று எதையும் சொல்லவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடி, திட்டு எதுவும் இல்லை. ஆனால் நாலு மணி நேரம் ஒரு மனிதரை ஸ்டேஷன் வாசலை ஒட்டி உட்கார வைத்தால், ஊர் முழுக்க அது தெரிந்துவிடும். எங்கள் பக்கம் வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பங்கள் மறுநாள் காலையில் கோலம் போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

16-ம் தேதி திரும்பவும் அழைப்பு. இந்த முறை மதியம் 2 மணி முதல் இரவு 9 வரை. 17-ம் தேதி பரிசீலனையில் என் மனு ஏற்கப்பட்டது. 18-ம் தேதி மூன்றாவது அழைப்பு. அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. "வீட்டம்மா மனுவை வாபஸ் வாங்கிட்டா இந்தப் பிரச்சினை எல்லாம் சரியாயிரும்ல" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். காக்கிச் சட்டை போட்டவர் அல்ல, அங்கே அடிக்கடி வந்துபோகும் ஒருவர். ஆனால் சொன்ன இடம் ஸ்டேஷனுக்குள்.

அன்று அங்கே இருந்த ஓர் ஏட்டையாவையும் நான் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் வெளியே வரும்போது, பைக் நிறுத்தும் இடம் வரை கூடவே வந்து, "அடுத்த தடவை கூப்பிட்டா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாராம். காவல்துறை என்றால் ஒரே முகம் இல்லை. எங்களுக்கு முதல் சட்ட ஆலோசனை கிடைத்ததே அந்த ஸ்டேஷனில்தான்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் 19-ம் தேதி மாலை 3 மணி. அதற்கு முந்தின இரவு நாங்கள் தூங்கவில்லை. என் அக்கா மகன் மதுரையில் கல்லூரியில் படிக்கிறவன். அவன் போனில் சொன்னான்: "சித்தி, நீங்க வாபஸ் வாங்கலைன்னு நீங்களே முன்கூட்டியே எழுதிக் குடுத்துருங்க." அது நல்ல யோசனையாகப் பட்டது. 19-ம் தேதி காலை ஒன்றிய அலுவலகம் திறந்ததும் நானே நேரில் போய், "நான் போட்டியிலிருந்து விலகவில்லை. என் பெயரில் விலகல் கடிதம் ஏதும் வந்தால் என்னை நேரில் கேட்காமல் ஏற்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். வாங்கிக்கொண்ட அலுவலர் ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை. அன்று முழுக்க நான் வீட்டில் இல்லை. 3 மணி வரை என் சித்தி வீட்டில் இருந்துவிட்டு, சின்னம் ஒதுக்கும் நேரத்துக்குத்தான் வந்தேன். பூட்டு சாவி சின்னம் கிடைத்தது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அன்று சாயங்காலமே என் ஆதரவாளர்கள் ஒன்பது பேருக்கு 107 நோட்டீஸ் வந்தது.

இந்த 107 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கிராமத்துத் தேர்தலில் நிற்கிற யாருக்கும் இது வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவு, ஒருவரால் அமைதிக்குப் பங்கம் வரும் என்று தகவல் கிடைத்தால் நிர்வாக நடுவர் அவரிடம் அமைதி காப்பதற்கான பிணை கேட்கலாம் என்கிறது. கிராமப்புறத்தில் நிர்வாக நடுவர் என்றால் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது 126-வது பிரிவு. இது குற்ற வழக்கு அல்ல, தண்டனையும் அல்ல. தேர்தல் நேரத்தில் உண்மையாகவே ரவுடித்தனம் செய்கிறவர்களை அடக்க இது தேவைதான். ஆனால் அதே நோட்டீஸ் ஒரு பக்கத்து ஆட்களுக்கு மட்டும், வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு வந்தால், பால் ஊற்றும் பெண்ணும் பஞ்சர் கடைக்காரரும் பயந்து ஒதுங்கிவிடுவார்கள்.

வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அடுத்த நாள்தான் கற்றுக்கொண்டோம். போகாமல் இருக்கக் கூடாது. என்ன தகவலின் பேரில் கூப்பிடுகிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும், பழைய சட்டத்தில் 111, புதியதில் 130-வது பிரிவு அதைச் சொல்கிறது. அந்த நகலைக் கேட்டு வாங்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம், வக்கீலோடு போகலாம். அங்கே நீட்டுகிற பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எங்கள் ஒன்பது பேரில் இரண்டு பேர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பயம்தான் காரணம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

20-ம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினோம். கிறிஸ்துமஸ் விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது, இன்று விட்டால் வழக்கமான அமர்வு கிடைக்காது என்று அக்கா மகன் விசாரித்துச் சொல்லியிருந்தான். மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடைப் பக்கம் போனால் யானைமலை படுத்திருக்கிற மாதிரி தெரியும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கேதான், 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. அது இல்லாமல் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் நான் கிளம்பியிருப்பேனா தெரியாது. கறவை மாடு வைத்திருப்பவள் ஒரு நாளைக்கு மேல் வீட்டை விட்டுப் போக முடியாது.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் போன வேகத்தில் மூன்று விஷயம் கேட்டேன். அந்த எஸ்.ஐ.யை மாற்ற வேண்டும். எங்கள் ஊராட்சியில் தேர்தலை நிறுத்தி வைக்க வேண்டும். சி.பி.ஐ. விசாரணை வேண்டும்.

அவர் மூன்றையுமே மறுத்துவிட்டார். "தேர்தலை நிறுத்துன்னு கேட்டா, அஞ்சு நிமிஷத்துல தள்ளுபடி ஆயிரும்கா" என்றார். காரணத்தைச் சொல்ல அவர் போன இடம் நாமக்கல். 1951–52 பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் சட்டமன்றத்துக்கு நின்ற பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். அவர் உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தேர்தல் தொடங்கிய பிறகு நடுவில் நீதிமன்றம் குறுக்கிட முடியாது, முடிந்த பிறகு தேர்தல் மனுவில்தான் கேட்க வேண்டும் என்றது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலுக்கு இருந்த அதே தடையை, 1993-ல் பஞ்சாயத்து ராஜ் திருத்தம் வந்தபோது அரசியல் சட்டத்தில் 243-ஓ என்ற பிரிவாக ஊராட்சிகளுக்கும் வைத்துவிட்டார்கள்.

"அப்போ கோர்ட்டுக்கு எதுக்கு வந்தோம்?" என்று நான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்ன பதிலை இன்றைக்கு வரைக்கும் பலரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். தேர்தலை நிறுத்தத்தான் தடை. தேர்தல் ஒழுங்காக நடக்க உதவி கேட்பதற்குத் தடை இல்லை. 2000-ல் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னதாம். நீதிமன்றம் தலையிடுவதால் தேர்தல் தடைப்படும் என்றால் கூடாது, தடையில்லாமல் போகும் என்றால் தலையிடலாம். "அதனால நாம சின்னதா, கறாரா, இன்னைக்கே செய்யக்கூடியதா கேப்போம்" என்றார்.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது எழுத்துல மனு கொடுத்தீங்களா?"

நல்லவேளையாகக் கொடுத்திருந்தோம். 16-ம் தேதி இரவு அக்கா மகன் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு ஆட்சியர். மறுநாள் நான் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருந்தேன். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் தந்தி கொடுப்பார்கள், தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. அப்புறம் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும்தான் அந்த வேலையைச் செய்தன; 2025-ல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதிகாரி தன் கடமையைச் செய்யவில்லை, செய்யச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் இந்த வகை ரிட் மனு. அதிகாரியிடமே கேட்காமல் நேரே நீதிமன்றம் போனால், முதலில் அங்கே கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அந்த நாலு நாள் மிச்சமானது அந்த மின்னஞ்சலால்.

இரண்டாவதாக, "தேதி, நேரம் ஞாபகம் இருக்கா?" என்றார். பால் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். நடுநடுவே லிட்டர், தீவனக் கடன், அப்புறம் போன் வந்த நேரம், வெளியே விட்ட நேரம், கூப்பிட்ட எண். ஜூனியர் ஒருவரைக் கூப்பிட்டு அப்படியே அட்டவணையாக டைப் அடிக்கச் சொன்னார். நான் அதற்குள் ஓர் வெள்ளைத் தாளில் பொங்கிப் பொங்கி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், "அராஜகம்", "ஜனநாயகப் படுகொலை" என்றெல்லாம். அதில் ஒரு வரியைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "கோவம் உங்ககிட்ட இருக்கட்டும்கா, ஜட்ஜ் பாக்குறது தேதியைத்தான்" என்றார்.

லஞ்ச் மோஷன் என்று ஒன்று உண்டு. காலையில் நீதிபதியிடம் அவசரம் என்று சொல்லி அனுமதி வாங்கினால், அன்று மதிய இடைவேளைக்குப் பிறகே எடுத்துக்கொள்வார்கள். அனுமதி கிடைத்தது. மதியம் 2:15-க்கு எங்கள் மனு வந்தது. மொத்தம் பத்து நிமிடம் நடந்திருக்கும். நீதிபதி கேட்ட கேள்விகள் இரண்டுதான். 16-ம் தேதி மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததா? வேட்பாளரின் கணவரை அழைத்தது எந்தப் பதிவின் அடிப்படையில்? அரசு வக்கீல், தகவல் கேட்டுச் சொல்கிறேன், வேட்பாளர்கள் எல்லோரையும் சமமாகத்தான் நடத்துகிறோம் என்றார். "அப்படியென்றால் அதையே பதிவு செய்கிறேன்" என்றார் நீதிபதி.

உத்தரவு இதுதான். எல்லா வேட்பாளர்களுக்கும் சமமான பாதுகாப்பு தர வேண்டும். யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றால் தேதியும் நேரமும் போட்டு எழுத்து மூலமாக அழைக்க வேண்டும், நிலையக் குறிப்பேட்டில் பதிய வேண்டும், விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது. எங்கள் இரண்டு வாக்குச்சாவடிகளிலும் வாக்குப்பதிவை வீடியோ எடுக்கக் கேட்ட மனுவை 26-ம் தேதிக்குள் ஆட்சியர் முடிவு செய்ய வேண்டும். இதோடு மனு முடித்து வைக்கப்பட்டது. போலீஸ் தவறு செய்தது என்று உத்தரவில் எங்கேயும் இல்லை, யாரையும் குற்றவாளி ஆக்கவும் இல்லை. எனக்கு அது அன்று பெரிய ஏமாற்றமாக இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது வக்கீல் சொன்னார், குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்க சாட்சி, விசாரணை எல்லாம் வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும், உங்களுக்கு வேண்டியது அடுத்த பத்து நாள். அது சரிதான்.

உத்தரவு சொன்னவுடன் பேப்பர் கைக்கு வந்துவிடாது. டைப் ஆகி, கையெழுத்தாகி நகல் வர நாளாகும், நடுவில் விடுமுறை வேறு. அதனால் வக்கீல் தன் லெட்டர்ஹெட்டில், இன்ன வழக்கு எண்ணில் இன்று இவ்வாறு உத்தரவாகியுள்ளது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நகலில் ஒன்றை ஸ்டேஷனிலும், ஒன்றை எஸ்.பி. அலுவலகத்திலும், ஒன்றைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் கொடுத்து, மூன்றிலும் ஒப்புதல் வாங்கினோம். ஸ்டேஷனில் கொடுக்கப் போனபோது நானே போனேன். கை நடுங்கியது. எழுத்தர் வாங்கிப் படித்தார், உள்ளே கொண்டு போனார், திரும்பி வந்து சீல் வைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷனிலிருந்து ஓர் அழைப்புக்கூட வரவில்லை.

பெண்கள் தேர்தலில் நிற்பது இப்போது அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். பழைய சட்டத்தில் 160, புதியதில் 179-வது பிரிவு. 18-ம் தேதி "நீங்களும் வாங்கம்மா" என்று என்னையும் கூப்பிட்டார்கள், இது தெரியாமலே நான் போகாமல் இருந்தேன். அதேபோல, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. மதுரைக் கிளையிலேயே அதற்கென்று சட்டப் பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். எங்கள் வக்கீல் நியாயமாகத்தான் வாங்கினார், ஆனாலும் ஒரு கன்றுக்குட்டியை விற்றுத்தான் கொடுத்தேன். தெரிந்திருந்தால் விற்றிருக்க வேண்டியதில்லை.

30-ம் தேதி, இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு. காலை 7 மணிக்கே வரிசை. வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலையும் மடித்துப் போட்டுவிட்டு வரும் கிழவிகள் பரீட்சை எழுதிய மாதிரி பெருமூச்சு விட்டார்கள். வாசலில் வீடியோ கேமரா இருந்தது. பாதுகாப்புக்கு வந்தவர்கள் வேறு நிலையத்துப் போலீஸார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிய அந்த இரண்டு குடும்பமும் வந்து ஓட்டுப் போட்டது. அன்று நோட்டில் பால் கணக்குத் தவிர எழுத எதுவும் இல்லை.

ஜனவரி 2, வாக்கு எண்ணிக்கை. இங்கேதான் நான் தவறிவிட்டேன்.

சீட்டை நிறம் பிரித்து எண்ணுவதால் இரவெல்லாம் இழுத்தது. எங்கள் ஊராட்சி வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. கூட்டம் அதிகம் என்று சொல்லி மேஜைக்குப் பக்கத்திலிருந்த சில முகவர்களைப் போலீஸ்காரர்கள் வெளியே அனுப்பினார்கள். அதில் என் முகவரும் ஒருவர். எதிர்த் தரப்பு முகவர் உள்ளேயே இருந்தார் என்று என் முகவர் சொன்னார். நான் வளாகத்துக்கு வெளியே மரத்தடியில் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தேன். தகவல் தெரிந்து நான் வாசலுக்கு வருவதற்குள் முடிவு அறிவித்துவிட்டார்கள். 23 வாக்கில் தோல்வி. மறு எண்ணிக்கை வேண்டும் என்றால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் உத்தரவில் வாக்குப்பதிவு பற்றி இருந்தது, வாக்கு எண்ணிக்கை பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை, அதனால் இல்லை. வாக்குப்பதிவு நாளோடு பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டோம். யாராவது இந்த மாதிரி மனுப் போடுவதாக இருந்தால், வேட்புமனு முதல் வெற்றிச் சான்றிதழ் கையில் கொடுக்கும் வரை எல்லாக் கட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முகவரை வெளியே அனுப்பினால் பதிலுக்கு இன்னொருவரை உள்ளே விட வேண்டும் என்பதையும், எண்ணிக்கை அறையை வீடியோ எடுப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மறு எண்ணிக்கை விண்ணப்பத்தைப் பெயர், பதவி எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு முகவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.

முடிவு வெளியான 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதி முன்பு தேர்தல் மனு போடலாம், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 258-வது பிரிவு. பிப்ரவரியில் போட்டோம். அடுத்த மாதமே ஊரடங்கு வந்துவிட்டது. வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசியில் மனு தள்ளுபடி ஆனது. அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. குறுக்கு விசாரணையில் என்னிடம் கேட்டார்கள்: உங்கள் முகவரை வெளியே அனுப்பியது எத்தனை மணிக்கு? எத்தனையாவது மேஜை? அனுப்பியவர் சீருடையில் பெயர்ப் பட்டை இருந்ததா? அப்போது எத்தனை கட்டு எண்ணி முடிந்திருந்தது? என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. என் முகவர் சொன்ன நேரமும் அவருடைய தம்பி சொன்ன நேரமும் ஒரு மணி நேரம் வேறுபட்டது. வாக்குச்சீட்டு ரகசியம். சும்மா சந்தேகத்தின் பேரில் பெட்டியைத் திறக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது, தெளிவான விவரம் வேண்டும். முகவர் செல்லில் எடுத்த ஒரு சின்ன வீடியோ இருந்தது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, அப்போதிருந்த சாட்சியச் சட்டப்படி 65-பி சான்றிதழ் என்று ஒன்று வேண்டும் என்பது தெரிவதற்குள் அவர் அந்த போனைக் கொடுத்துவிட்டு வேறு போன் வாங்கிவிட்டார். வீடியோ எடுத்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வந்துபோனது போதாது.

மற்ற மாநிலங்களிலும் என்ன நடந்தது என்று அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். மேற்கு வங்கத்தில் 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், 20,000-க்கும் அதிகமான இடங்களில் போட்டியே இல்லை. மனுக் கொடுக்கவே விடவில்லை என்று எதிர்க்கட்சிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்ய மறுத்து, வேண்டுமானால் தேர்தல் மனு போடுங்கள் என்றது. 2021 நவம்பரில் திரிபுரா நகராட்சித் தேர்தலில், காவல்துறை பாதுகாப்புத் தரவில்லை என்று ஒரு கட்சி கேட்டபோது, தேர்தலைத் தள்ளிவைக்க உச்ச நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. ஆனால் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த அன்றே கூடுதலாக இரண்டு கம்பெனி மத்தியப் படையை அனுப்பச் சொன்னது. 2023-ல் மேற்கு வங்கத்தில் மாநிலப் போலீஸ் மட்டும் போதாது, மத்தியப் படை வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் முன்கூட்டியே உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றமும் ஜூன் 20-ல் அதில் தலையிட மறுத்தது. அப்படியும் ஜூலை 8 வாக்குப்பதிவில் பலர் உயிரிழந்தார்கள். இதையெல்லாம் படித்தபோது, யானைமலையின் எதிரே என் வக்கீல் சொன்னது இன்னும் நன்றாகப் புரிந்தது. முன்னாலேயே, குறிப்பாகக் கேட்டவர்களுக்கு ஏதாவது கிடைத்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக ரத்து செய்யுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைப்பது மிகவும் அபூர்வம்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் சி.சி.டி.வி. பொருத்த வேண்டும், பதிவை 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றால் அது கேமராவில் இருக்க வேண்டும். அடுத்த நாளே, இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையான பதிவை அழிக்காமல் வைக்கவும் என்று எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிப் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கேமரா பழுது என்ற பதில் வரக்கூடும்.

2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து திரும்பவும் தனி அலுவலர் வந்தார். அதற்குச் சில நாள் கழித்து, பக்கத்து ஊராட்சியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறாளாம், சுயஉதவிக் குழுத் தலைவி. "அக்கா, கோர்ட்டுக்கு எல்லாம் போனீங்களாமே, எப்படிப் போறது?" என்றாள். அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து காட்டினேன். டிசம்பர் 13 பக்கத்தை அவள் வாசித்தாள். பிறகு ஜனவரி 2-ஐத் திருப்பிக் காட்டினேன். காலையில் ஊற்றிய பால் ஆறு லிட்டர் என்று இருந்தது. சாயங்காலம் கறக்க ஆள் இல்லை. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது.